அசைன்மென்ட் கொடுத்த மறுநாள் நூலகர் வர வேண்டும்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் முதலாண்டு மாணவர்களை வரிசையாக நூலகத்துக்கு அழைத்துப் போவது ஒரு சடங்கு. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் எந்தக் கல்லூரியானாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். பையை வெளியே வைக்க வேண்டும், கேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவருக்கு இத்தனை புத்தகம், தாமதமானால் ஃபைன், குறிப்புதவிப் பிரிவுப் புத்தகம் வெளியே போகாது. அப்புறம் கணினியில் நூலகப் பட்டியலை எப்படித் தேடுவது என்று ஐந்து நிமிடம். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இரண்டு போட்டோ எடுத்து, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பில் ஓர் அறிக்கை சேர்ந்துவிடும்.

சொன்னது எதுவும் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகளிடம் தேடுவதற்கு ஒரு கேள்வியும் இல்லை. கேள்வி பிறப்பது அசைன்மென்ட் வரும்போது, இல்லாவிட்டால் கடைசி ஆண்டில் புராஜெக்ட் வரும்போது. அதற்குள் அந்த முக்கால் மணி நேரம் மறந்தே போயிருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது கைப்பேசியும், சீனியரின் பழைய புராஜெக்ட் பிரதியும், ஜெராக்ஸ் கடையும்தான். வேலூர் மாணவர்களுக்குத் தேடத் தெரியவில்லை என்று குறைப்படுகிற ஆசிரியர்களில் பலர், தேடக் கற்றுத் தரும் வேலை யாருடையது என்று யோசிப்பதில்லை. அது நூலகரின் வேலை என்று ஆசிரியரும், வகுப்பே என் கையில் இல்லையே என்று நூலகரும் இருந்துவிடுகிறார்கள்.

தகவல் அறிதிறன் என்று நூலகவியலில் சொல்லப்படுவது இந்த இடைவெளியில்தான் விழுகிறது. 1974இல் அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி இந்தக் கருத்துக்கு ஒரு பெயர் வைத்தார். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று அதற்கு இலக்கணம் சொன்னது: எப்போது தகவல் தேவை என்று உணர்வது, அதைக் கண்டுபிடிப்பது, எடைபோடுவது, சரியாகப் பயன்படுத்துவது. 2000இல் கல்லூரி, ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் இதையே பட்டியல் போட்டு அளவுகோல்களாக்கியது. பட்டியல் போதாது என்று 2015இல் அதே சங்கம் ஆறு கருத்துகளைக் கொண்ட ஒரு சட்டகத்துக்கு மாறியது. ஆராய்ச்சி என்பது கேள்விக்கு மேல் கேள்வி கேட்பது, ஒரு துறையின் எழுத்தெல்லாம் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் உரையாடல், ஒருவரின் சொல்லுக்கு எவ்வளவு அதிகாரம் என்பது இடத்தைப் பொறுத்தது என்பவை அவற்றில் சில. இந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டியலாக இருந்தவரை நூலகரே தனியாக நடத்திவிடலாம். துறையின் உரையாடல் என்று வந்துவிட்டால், அந்தத் துறை ஆசிரியர் இல்லாமல் நூலகரால் அதைத் தொட முடியாது.

இது ஏதோ மேலைநாட்டுத் தத்துவம் என்று தோன்றலாம். நம் ஊர் உதாரணம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்சி. படிக்கும் ஒரு மாணவிக்கு, வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளும் பாலாற்று நிலத்தடி நீரும் என்று ஒரு தலைப்பு. இங்கே வருடா வருடம் யாராவது ஒருவர் எடுக்கிற தலைப்புதான். கைப்பேசியை எடுத்ததும் முதலில் கிடைப்பது மாவட்ட மக்கள்தொகை: 2011 கணக்கெடுப்பின்படி 39,36,331. அதற்குப் பக்கத்திலேயே இன்றைய மாவட்ட வரைபடம். இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்த 39 லட்சம் பழைய, பெரிய வேலூர் மாவட்டத்துக்கு உரியது. 2019இல் மாவட்டம் மூன்றானபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டமாயின. அதே 2011 கணக்கில் இன்றைய எல்லைக்குள் இருப்பது சுமார் 16 லட்சம் பேர். பேரணாம்பட்டு இந்தப் பக்கம் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் தோல் தொழில் என்றதும் நினைவுக்கு வரும் பெரிய ஊர்கள் இப்போதைய வரைபடத்துக்கு வெளியே நிற்கின்றன.

பின்னோக்கிப் போனால் சிக்கல் கூடுகிறது. 1989 வரை இது வட ஆற்காடு, திருவண்ணாமலையும் அதற்குள்தான். 1989இல் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 1911க்கு முன்னால் சித்தூரும் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த வட ஆற்காடு மாவட்ட மேனுவலைப் புரட்டினால் இன்றைய ஆந்திரப் பகுதியும் அதில் வரும். ஆக, தேடுபெட்டியில் வேலூர் என்று மட்டும் போட்டால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுதப்பட்ட கட்டுரைகளில் பெரும்பகுதி கண்ணில் படாது. அவை வட ஆற்காடு என்ற பெயரில் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் வாணியம்பாடிக்கும் வாலாஜாபேட்டைக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் வேறு. நூலகருக்கு இதெல்லாம் அன்றாட வேலை. எல்லாப் பெயர்களையும் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ (OR) போட்டு இணைத்து, மேற்கோள் குறிக்குள் வைத்து, ஒரே வரியில் தேடிக் காட்டிவிடுவார்.

அடுத்து அந்த மாணவி கட்டாயம் போய் நிற்கிற இடம், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்திய தீர்ப்புகளில் ஒன்று. அதில் ஓர் எண் வருகிறது: 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயின. வழக்கின் பெயர் வேலூர், பிரச்சினை தோல் கழிவு, எண்ணும் கச்சிதம். அப்படியே எடுத்து ‘வேலூரில் 467 கிணறுகளில் 350’ என்று எழுதிவிடத் தோன்றும். தீர்ப்பின் முழு வாசகத்தைப் படித்தால்தான் தெரியும், அந்த ஆய்வு திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் முதற்கட்ட ஆய்வை மேற்கோள் காட்டித் தீர்ப்பு சொல்வது வேறு எண்: தோல் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிட லாயக்கற்றுப் போனது என்று.

இந்தத் தவற்றை யார் பிடிப்பார்? மூலத்துக்குப் போ, சுருக்கத்தை நம்பாதே என்று சொல்லி, தீர்ப்பு முழுதாக எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று காட்டுகிறவர் நூலகர். அதோடு அவர் வேலை நிற்கும். நீரில் மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்று ஒரு கட்டுரை சொன்னால் அது மழைக்கு முன் எடுத்த மாதிரியா, பின் எடுத்ததா என்று கேட்க ஆசிரியர் வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், கட்டுரையில் அளந்தது மொத்தக் குரோமியமா, அதில் நச்சு மிகுந்த வடிவமான அறுதிறன் குரோமியமா என்று பிரித்துப் பார்க்கவும் ஆசிரியர்தான் வேண்டும். தொண்ணூறுகளிலிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவே வெளியேறாத முறை கட்டாயமானது, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று விவகாரத்தில் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. இவற்றை விட்டுவிட்டு 1996இன் எண்ணை நிகழ்காலத்தில் எழுதினால் புராஜெக்ட் முப்பது வருடம் பின்தங்கிவிடும். ஆக, ஆளுக்குப் பாதி தெரிகிறது. இரண்டு பாதியும் ஒரே மேஜைக்கு வந்தால்தான் மாணவிக்கு முழுதாகக் கிடைக்கும்.

இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் டெட்ராய்ட்டின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்டீத் கல்லூரியில் பட்ரீஷியா நாப் ஒரு சோதனை நடத்தினார். நூலகப் பயிற்சியைத் தனி வகுப்பாக வைக்காமல் பாட அசைன்மென்டுகளுக்குள்ளேயே நுழைத்தார்கள். பெரிய தடை மாணவர்களிடம் இல்லை, ஆசிரியர்களை இணங்க வைப்பதில்தான் என்பது அந்த அனுபவத்தில் தெரிந்தது. அதே காலத்தில் இந்தியானாவின் எர்ல்ஹாம் கல்லூரியில் ஈவான் ஃபார்பர் 1962 முதல் மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் நூலகராக இருந்து அதையே வழக்கமாக்கிக் காட்டினார். ஒரு பாடத்துக்குக் கட்டுரை எழுதச் சொன்னால், அந்தக் கட்டுரைக்கென்றே நூலகர் வகுப்புக்கு வருவார், அந்தத் தலைப்புக்கான நூல்களோடும் குறிப்புகளோடும். சிறிய கல்லூரி, ஆசிரியரும் நூலகரும் தினமும் முகம் பார்த்துக்கொள்கிற இடம் என்பது அவருக்குக் கைகொடுத்தது. நம் ஊர்க் கல்லூரிகளிலும் ஆசிரியரும் நூலகரும் தினமும் பார்த்துக்கொள்கிறவர்கள்தான்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சி.எம்.சி. பக்கம் பார்க்கலாம். மருத்துவத்தில் தேடல் என்பது பக்கத்து வேலை கிடையாது, ஆய்வின் உடம்பே அதுதான். ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்து முடிவு சொல்கிற முறையான மீளாய்வில், எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொல்லால், எந்தத் தேதியில் தேடினோம் என்று வரி பிசகாமல் பதிப்பிக்க வேண்டும். தேடல் ஓட்டையாக இருந்தால் முடிவும் ஓட்டை. அதனால்தான் அந்தத் துறையில் நூலகர் இணை ஆசிரியராகப் பெயர் வாங்குவது சகஜம். இப்படிப்பட்ட மீளாய்வுகளை உலக அளவில் நடத்துகிற காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் இயங்கியது வேலூர் சி.எம்.சி.யில்தான். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் புற்றுநோயைப் பேச்சுவழக்குப் பெயரில் தேடுவதற்கும், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் கட்டிவைத்த தலைப்புச் சொல்லான ‘நியோப்ளாசம்ஸ்’ என்று தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். கலைக் கல்லூரிப் பக்கம் மட்டும் அந்தப் பழக்கம் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று சொன்னால் அநியாயம். முதலில் டைம்டேபிள். வாரத்தில் ஒரு லைப்ரரி ஹவர் பல இடங்களில் உண்டு. சிலபஸ் முடியாதபோது அதைத்தான் ஆசிரியர்கள் முதலில் கடன் கேட்பார்கள். மீதி நேரத்தில் பிள்ளைகள் டி.என்.பி.எஸ்.சி. புத்தகமும் செய்தித்தாளும் பார்ப்பார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள். இரண்டாவது ஆள். எம்.லிப். படித்து, ‘நெட்’ தகுதித் தேர்வில் தேறி வந்தவர் நூலகர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி கல்லூரி நூலகரின் தொடக்க ஊதிய நிலையும் உதவிப் பேராசிரியரின் நிலையும் ஒன்றுதான். ஆனால் துறைக் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அசைன்மென்ட் தலைப்பு என்னவென்று அவருக்குத் தெரியவருவது, நாற்பது பேர் ஒரே வாரத்தில் ஒரே புத்தகத்தைக் கேட்டு வரிசையில் நிற்கும்போதுதான். மூன்றாவது, கணக்கு. தர மதிப்பீட்டுக்கு எத்தனை பேர் நூலகத்துக்கு வந்தார்கள், சந்தாவுக்கு எவ்வளவு செலவானது என்றெல்லாம் எண் காட்டலாம். ஒரு மாணவர் தப்பான மூலத்தைத் தப்பு என்று கண்டுபிடித்ததை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்கு முன் கணித ஆசிரியர் என்பது இங்கே ஞாபகம் வருகிறது. வகுப்பறையிலிருந்து வந்தவர்தான் நம் நாட்டின் நூலகவியலையே கட்டினார். நூறு வருடம் கழித்து நாம் இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம்.

தமிழ்வழி மாணவர்களுக்கு இன்னொரு தொல்லை தனியாக உண்டு. ஆங்கிலத் தேடலுக்குச் சொல்லித் தருகிற நுணுக்கம் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. பாலாறு என்று தேடினால், பாலாற்றில், பாலாற்றங்கரை என்று எழுதிய பக்கம் சிக்காமல் போகலாம். வேலூர்ப் புரட்சி என்று ஒற்றுப் போட்டு எழுதியவர் ஒரு பக்கம், ஒற்றில்லாமல் எழுதியவர் ஒரு பக்கம், சிப்பாய்க் கலகம் என்று எழுதியவர் வேறொரு பக்கம். 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்தது ஒன்றுதான். மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் ஒரு தரப்பு மட்டுமே அகப்படும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் உள்ள பழைய தமிழ் ஆய்வேடுகளில் பல, யூனிகோடு வருவதற்கு முன் புழங்கிய எழுத்துருக்களிலோ வெறும் ஸ்கேன் படமாகவோ இருப்பதால், உள்ளே இருக்கிற சொல் தேடலுக்கு அகப்படாது. தலைப்பு, ஆய்வாளர் பெயர், துறை என்று சுற்றிவளைத்துத்தான் போக வேண்டும். இதைத் தமிழ்த்துறை ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கக் குறிப்பாக எழுதிவைத்தால், வருடா வருடம் உதவும்.

ஆய்வு மாணவர் மட்டத்தில் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2019 டிசம்பரில் மானியக் குழு பிஎச்.டி.க்கு ஆராய்ச்சி, வெளியீட்டு நெறிமுறை என்று 2 கிரெடிட் பாடத்தைக் கட்டாயமாக்கியது. ஆறு அலகு, 30 மணி நேரம். முதல் பாதி தத்துவமும் நெறியும். இரண்டாம் பாதி திறந்த அணுக்க வெளியீடு (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது), வெளியீட்டு முறைகேடுகள், தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும். இரண்டாம் பாதியை நூலகர் எடுக்காமல் யார் எடுப்பது? கருத்துத் திருட்டு பற்றிய 2018 விதிகளையும் இப்படிச் சேர்ந்துதான் விளக்க வேண்டும். பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை என்று விதி சொல்வதை, 10 சதவீதம் திருடலாம் என்று புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் எண்ணைத்தான் தரும். அந்த எண்ணுக்குள் மேற்கோள் எவ்வளவு, எல்லோரும் எழுதும் வாய்ப்பாட்டு வாக்கியம் எவ்வளவு, நிஜமான திருட்டு எவ்வளவு என்று பிரிப்பது அந்தத் துறை ஆசிரியரின் கண்.

ஆய்வுக் கட்டுரையை எந்த இதழில் போடலாம் என்ற கேள்வியிலும் நிலைமை மாறிவிட்டது. மானியக் குழு ஏற்ற இதழ்களின் ‘கேர்’ பட்டியலில் இருந்தால் சரி என்று சில ஆண்டுகள் ஓடியது. 2025இல் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள்; கல்லூரிகளே அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களை அம்பலப்படுத்திப் பட்டியல் வெளியிட்ட ஜெஃப்ரி பீல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர். 2017இல் அவர் பட்டியலும் இறங்கிப் போனது. பட்டியல்கள் வரும், போகும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமானவர்களா, இதழ் எந்தத் தரவுத்தளத்தில் சேர்ந்திருக்கிறது, மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வருகிறதா என்று பார்க்கிற பழக்கத்தைத்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

இணையப் பக்கத்தை எடைபோடுவது பற்றி ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள். வரலாற்றாசிரியர்களே பளபளப்பான தளத்தைக் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நிற்காமல் வேறு டேபைத் திறந்து, இந்தத் தளம் யாருடையது என்று மற்றவர்கள் சொல்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பாட அறிவு இருந்தாலே போதும் என்று நினைக்கிற ஆசிரியர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். இப்போது சாட்ஜிபிடி வேறு. கேட்டால் ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு, இல்லாத கட்டுரையைக்கூட மேற்கோளாகத் தந்துவிடும். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் சாயம் வெளுக்கும். அந்த ஒரு நிமிடத்தைப் பழக்கமாக்குவது நூலகர் பாடு.

வசதிக் குறைவு என்ற பேச்சும் முன்னளவு எடுபடாது. ஆய்விதழ்களுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்துச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், அரசு நடத்தும் 6,300 நிறுவனங்களுக்கு. சேர்க்காட்டுத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்றவையும் அரசுக் கல்லூரிகளும் இந்த வகையில் வரும். தனியார் கல்லூரிகள் தங்கள் கைக்காசில் பார்த்துக்கொள்ள வேண்டும். இதழ் திறந்திருந்தால் மட்டும் ஆள் வருவதில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வா என்று ஆசிரியர் சொன்னால்தான் அந்தக் கதவு பயன்படும்.

செய்வது என்றால் சின்னதாகவே தொடங்கலாம். ஒரு துறை, ஒரு தாள், ஒரு அசைன்மென்ட். தலைப்பை முடிவு செய்வதற்கு முன் ஆசிரியர் நூலகரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து, இதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது, எதில் பிள்ளைகள் வழுக்குவார்கள் என்று கேட்க வேண்டும். தலைப்புக் கொடுத்த மறுநாள் நூலகர் வகுப்புக்கு வர வேண்டும், அந்தத் தலைப்பை வைத்தே தேடிக் காட்ட வேண்டும், ஆசிரியரும் உள்ளேயே இருக்க வேண்டும். நூலகரிடம் ஒப்படைத்துவிட்டு டிபார்ட்மென்டுக்குப் போய் பேப்பர் திருத்த உட்கார்ந்துவிட்டால், இது முக்கியமில்லாத ஹவர் என்று பிள்ளைகள் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள். கைப்பேசியிலேயே நடத்தலாம், கணினி ஆய்வகம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டாம். அசைன்மென்டோடு ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்க வேண்டும்: எந்தச் சொல்லால் தேடினாய், என்ன கிடைத்தது, எதை விட்டாய், ஏன் விட்டாய். கட்டுரையை ஆசிரியர் திருத்தட்டும், அந்த ஒரு பக்கத்தை நூலகர் பார்க்கட்டும்.

அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் இல்லையென்றால் யாரும் எழுத மாட்டார்கள். இணைப்புக் கல்லூரிகளில் பொதுவாக 25 மதிப்பெண் இன்டர்னல். அதன் பங்கீட்டைப் பல்கலைக்கழகம் சொல்லிவிடுகிறது. ஆனால் அசைன்மென்டுக்கு என்று வருகிற மதிப்பெண்ணில் எதற்கு எவ்வளவு தருவது என்பது பெரும்பாலும் தாள் எடுக்கும் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. அதில் இரண்டைத் தேடல் பக்கத்துக்கு ஒதுக்க சிலபஸ் மாற வேண்டாம், பாடத்திட்டக் குழு கூட வேண்டாம். செமஸ்டர் தொடங்குகிற வாரத்தில் நடக்கும் துறைக் கூட்டத்துக்கு நூலகரையும் கூப்பிட்டால் போதும்.